வேலை உண்டு, கடிதம் இல்லை

29 தொழிலாளர் சட்டங்கள் நான்காகச் சுருங்கிவிட்டன. திருப்பூர் தையல் மேசைக்கும் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸுக்கும் அதனால் என்ன வந்து சேரும்?

சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூர் வேறு ஊராக மாறிவிடும். வாரச் சம்பளம் கைக்கு வரும் நாள் அது. பனியன் கம்பெனிகளை ஒட்டிய தெருக்களில் மளிகைக் கடையிலும் கறிக்கடையிலும் கூட்டம் நிற்கும். வாரத் தவணை வசூலிக்க வந்தவர்களும் அதே கூட்டத்தில் நிற்பார்கள். பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்கள் பலரிடம் ஒரு சின்ன நோட்டு இருக்கும். பிள்ளையின் பழைய ரஃப் நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களாகக்கூட இருக்கலாம். தேதி, ஸ்டைல் நம்பர், ஓவர்லாக்கா பேட்லாக்கா, எத்தனை டஜன் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். கான்ட்ராக்டர் சொல்லும் கணக்கையும் நோட்டில் இருக்கும் கணக்கையும் ஒத்துப் பார்த்த பிறகுதான் பணத்தை எண்ணுவார்கள்.

பத்து வருடம் தைத்தவருக்கும் தான் வேலை பார்த்ததற்குச் சாட்சி அந்த நோட்டு ஒன்றுதான். அதை எழுதியவரும் அவரேதான். கம்பெனி கொடுத்த தாள் என்று அவரிடம் எதுவும் இருக்காது. எந்தத் தேதியில் சேர்ந்தார், என்ன வேலை, என்ன கூலி, யார் முதலாளி என்று சொல்லும் ஒரு கடிதம் இல்லாமலே இந்தியாவின் உழைப்பில் பெரும்பகுதி நடந்துகொண்டிருக்கிறது. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பே இதற்குச் சான்று. 2023-24இல் வேளாண்மைக்கு வெளியே முறையான சம்பள வேலையில் இருப்பவர்களில் சுமார் 58 சதவீதம் பேருக்கு எழுத்துப்பூர்வமான பணி ஒப்பந்தம் இல்லை. இது சம்பள வேலை என்று கணக்கில் ஏறியவர்களின் நிலை. தினக்கூலிகள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

2025 நவம்பர் 21 அன்று இந்தியாவின் தொழிலாளர் சட்டங்கள் புதிய உருவம் எடுத்தன. அதில் நல்லதும் உண்டு, அச்சப்பட வேண்டியதும் உண்டு. இரண்டையும் எடைபோட எனக்கு ஒரே அளவுகோல்தான் தெரிகிறது. நோட்டு வைத்திருக்கும் அந்தப் பெண்ணின் கையில் ஒரு கடிதம் வருமா?

நான்கு தொகுப்புகள்

சட்டங்களைச் சுருக்க வேண்டும் என்ற யோசனை பழையது. ரவீந்திர வர்மா தலைமையிலான இரண்டாவது தேசியத் தொழிலாளர் ஆணையம் 2002இல் கொடுத்த அறிக்கையிலேயே அது இருக்கிறது. 1926இன் தொழிற்சங்கச் சட்டம், 1936இன் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், 1947இன் தொழில் தகராறுகள் சட்டம், 1948இன் தொழிற்சாலைகள் சட்டம் என்று ஒவ்வொரு காலத்தில் எழுதப்பட்ட சட்டங்களில் ஒவ்வொன்றிலும் ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்கு ஒரு வரையறை இருந்தது. ‘ஊதியம்’ என்ற சொல்லுக்கும் அப்படியே. பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்துபவர் எத்தனை பதிவேடு வைக்க வேண்டும் என்பது அவருக்கே தெரியாது. ஆய்வுக்கு வரும் அதிகாரி சொல்வதுதான் சட்டம் என்ற நிலை. அந்தச் சிக்கலை அவிழ்க்க வேண்டும் என்பதில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் கருத்து வேறுபாடு இருந்திருக்காது.

2019இல் ஊதியத் தொகுப்பு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகிய மற்ற மூன்றும் 2020 செப்டம்பரில் நிறைவேறின. ஐந்தாண்டுக் காத்திருப்புக்குப் பிறகு நான்கும் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. ஐந்தே நாளில், நவம்பர் 26 அன்று, பத்து மத்தியத் தொழிற்சங்கங்கள் நாடெங்கும் எதிர்ப்புப் போராட்டம் நடத்தின. பாரதிய மஸ்தூர் சங்கம் வரவேற்றது.

வரவேற்க வேண்டியவற்றை முதலில் சொல்லிவிடலாம். குறைந்தபட்சக் கூலி இதுவரை அட்டவணையில் குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டும்தான்; இனி எல்லாத் தொழிலுக்கும். குறித்த காலத்துக்கு வேலைக்கு எடுக்கப்படுபவருக்கு ஐந்தாண்டு காத்திருக்காமல் ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு. அடிப்படைச் சம்பளத்தைச் சுண்டுவிரல் அளவு காட்டிவிட்டு மற்றதையெல்லாம் ‘அலவன்ஸ்’ என்று எழுதும் வழக்கத்துக்கும் தடை வந்திருக்கிறது. விலக்கு பெறும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியக் கணக்கில் சேரும், பி.எஃப்., பணிக்கொடைக்கான அடிப்படை அதனால் உயரும். உணவு டெலிவரி செய்பவர், செயலி வழியாக வாடகைக் கார் ஓட்டுபவர் ஆகியோரின் பெயர் முதன்முறையாக மத்தியச் சட்டத்தில் ஏறியிருக்கிறது.

நியமனக் கடிதம் கட்டாயம் என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் சட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். கடிதம் கொடுக்கும் கடமை பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கிறது. அந்தத் தொகுப்பில் ‘நிறுவனம்’ என்றால் பொதுவாகப் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இருக்கும் இடம். எட்டு மெஷின் போட்டு வீட்டு மாடியில் ஜாப் ஒர்க் செய்யும் யூனிட், ஆறு பேர் வேலை செய்யும் லேத் பட்டறை, நான்கு பேர் நிற்கும் ஜவுளிக்கடை ஆகியவை அந்த வாசலுக்கு வெளியே நிற்கின்றன. இந்தியாவில் வேலை செய்யும் இடங்களில் அநேகம் இந்த அளவுதான்.

முந்நூறின் கதை

புதிய சட்டங்களைப் பற்றிய சண்டையில் அதிகம் அடிபடும் எண் 300. முந்நூறு தொழிலாளர்களுக்குக் குறைவாக இருக்கும் தொழிற்சாலை ஆட்குறைப்புச் செய்யவோ மூடவோ அரசின் முன் அனுமதி தேவையில்லை. பழைய வரம்பு 100.

இந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், தொழில் தகராறுகள் சட்டத்தில் ஐந்து-பி அத்தியாயம் சேர்க்கப்பட்டபோது வரம்பு 300 தான். 1982இல் செய்த திருத்தம் அதை நூறாகக் குறைத்தது. 2014இல் ராஜஸ்தான் தன் மாநிலத்தில் மீண்டும் 300 என்று மாற்றியது. வேறு சில மாநிலங்களும் அதே வழியில் போயின. இப்போது நாடு முழுவதும் 300. சக்கரம் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறது.

தொழில் நடத்துபவர்கள் சொல்வது இதுதான்: நூறாவது ஆளை எடுத்துவிட்டால் ஆர்டர் இல்லாமல் போன நாளில் யாரையும் அனுப்ப முடியாது, அதனால் 99இல் நிறுத்திக்கொள்கிறோம், இல்லையென்றால் கான்ட்ராக்டில் எடுக்கிறோம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2018-19 பொருளாதார ஆய்வறிக்கை, நூறு பேருக்குக் குறைவாகவே வைத்துக்கொண்டு பத்தாண்டைக் கடந்தும் வளராத நிறுவனங்களைக் ‘குள்ள நிறுவனங்கள்’ என்று அழைத்தது. முறைசார் உற்பத்தித் துறையில் எண்ணிக்கையில் அவை பாதி. வேலைவாய்ப்பில் அவற்றின் பங்கு 14 சதவீதம் மட்டும். வளராத கம்பெனி ஆள் எடுக்காது என்பது சரி.

ஆனால் அந்தக் கம்பெனிகள் வளராததற்குச் சட்டம் மட்டுமா காரணம்? கடன் வட்டி, கரன்ட் கட்டணம், பெரிய கம்பெனி மூன்று மாதம் இழுத்தடிக்கும் பில், படித்துவிட்டு வந்தும் மெஷின் தெரியாத பையன்கள். கோவையிலோ அம்பத்தூரிலோ சிறுதொழில் நடத்தும் யாரைக் கேட்டாலும் இந்தப் பட்டியலைத்தான் முதலில் சொல்வார்கள். இன்னொரு பக்கம், பழைய சட்டம் இருந்தபோதே பெரிய தொழிற்சாலைகள் அதைச் சுற்றி ஒரு பாதை போட்டுக்கொண்டன. ஒப்பந்தத் தொழிலாளர் முறைதான் அந்தப் பாதை. இந்தியத் தொழிற்சாலைகளில் நேரடி உற்பத்தி வேலை செய்பவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பங்கு இன்று 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான வரம்பையும் புதிய சட்டம் 20இலிருந்து 50ஆக உயர்த்தியிருக்கிறது. இருக்கும் பாதையை அகலப்படுத்தியதைப் போன்றதுதான் இது.

தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. நாற்பது வருடத்துக்கு மேலான நல்ல சட்டம். ஆனால் 480ஐத் தொடுவதற்குள் கணக்கு முடித்து அனுப்பி, கொஞ்சநாள் கழித்து ‘புது ஆளாக’ எடுப்பது தொழிற்பேட்டைகளில் பழகிப்போன புகார். தொடர்ந்து வேலை செய்ததை நிரூபிக்கவும் ஒரு கடிதம்தான் வேண்டியிருக்கிறது.

நோக்கியா சொல்லும் பாடம்

ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா தொழிற்சாலை திறந்தபோது, சுற்றுவட்டாரத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருந்த வீடுகளில் அது ஒரு திருவிழா. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கே நேரடியாக வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளம்பெண்கள். உலகத்தின் மிகப் பெரிய கைபேசித் தொழிற்சாலைகளில் ஒன்று அது. 2013இல் வருமான வரித் தகராறில் சொத்து முடக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டபோது சென்னை ஆலை அந்தப் பேரத்தில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது.

அன்று நடப்பில் இருந்தது பழைய சட்டம். அனுமதி தேவைப்படும் வரம்பு நூறு. அங்கே இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஆனாலும் ஆலை நின்றது. பெரும்பாலானோர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். முப்பது வயதைக்கூடத் தொடாதவர்களுக்கு ‘ஓய்வு’! வேறு கம்பெனி வாசலுக்குப் போனால், “வயசு ஜாஸ்தி, ஃப்ரெஷர் போதும்” என்ற பதில் காத்திருந்தது. அந்த வளாகத்தை வேறொரு நிறுவனம் வாங்குவதற்கே 2019 ஆகிவிட்டது.

இதிலிருந்து இரண்டு பக்கமும் கற்க வேண்டியது இருக்கிறது. அனுமதி வேண்டும் என்று எழுதிவைத்த சட்டம் வேலையைக் காப்பாற்றிவிடாது. அதேபோல, அனுமதி வேண்டாம் என்று எழுதினால் வேலை தானாகப் பெருகிவிடாது. மூடும் நாளில் தொழிலாளி எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்ற கேள்விக்குப் பதில் எழுதும் சட்டம்தான் அவருக்கு உதவும். புதிய சட்டம் அதற்கு ஒரு சிறு பதில் வைத்திருக்கிறது. ஆட்குறைப்பில் போனவருக்கு, வேறு தொழில் கற்றுக்கொள்ள, கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 15 நாளுக்குரிய தொகையை முதலாளி ஒரு நிதியில் செலுத்த வேண்டும். மாதம் 16,000 ரூபாய் வாங்கியவருக்கு அது சுமார் 8,000. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு வீட்டின் ஒரு மாத வாடகைக்கும் மளிகைக்கும் சரியாகப் போய்விடும். எண்ணம் நல்லது. அளவு போதாது.

அடுத்த வாரம் சொல்லி அனுப்புறோம்

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. அந்த நாட்டுச் சந்தையை அதிகம் நம்பியிருந்த திருப்பூருக்கு அது நேரடி அடி. ஆர்டர்கள் நின்றன, சில தள்ளிப்போயின, சில பாதி விலைக்குப் பேசப்பட்டன.

அப்படி ஆர்டர் நிற்கும்போது திருப்பூரில் யாரும் ஆட்குறைப்பு நோட்டீஸ் ஒட்டுவதில்லை. “அடுத்த வாரம் சொல்லி அனுப்புறோம்” என்பார் கான்ட்ராக்டர். அவ்வளவுதான். அடுத்த வாரம் போன் வராது. அதற்கடுத்த வாரம் அவர்களே போன் செய்தால், “இன்னும் பீஸ் வரலைம்மா” என்பார். வேலை போய்விட்டது என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படாது. ஏனென்றால் வேலை இருந்தது என்றும் எங்கும் எழுதப்படவில்லை. செக்கிங்கில் நிற்கும் அக்காவுக்கும், பிசிர் வெட்டும் கைமடிப் பிள்ளைக்கும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீட்டில் ஆறுபேராகத் தங்கித் தைக்கும் பையனுக்கும் 100, 300 என்ற சண்டை வேறு நாட்டுச் சங்கதி.

இந்தியாவின் வேலைச் சந்தையைப் புரிந்துகொள்ள இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். 2023-24 கணக்கெடுப்பின்படி நாட்டில் வேலை செய்பவர்களில் 58 சதவீதம் பேர் சுயதொழில். சுமார் 20 சதவீதம் தினக்கூலி. முறையான சம்பள வேலை 22 சதவீதத்துக்கும் குறைவு. ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் மாதச் சம்பளம் என்ற ஒன்றே இருக்கிறது. அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோரிடம் ஒப்பந்தம் இல்லை என்று மேலே பார்த்தோம்.

வேலையின்மை விகிதம் 2017-18இல் 6.1 சதவீதமாக இருந்து 2023-24இல் 3.2 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. இந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவதற்கு முன், அந்த வேலை எங்கே உருவானது என்று பார்க்க வேண்டும். வேளாண்மையில் இருப்பவர்கள் 2018-19இல் 42.5 சதவீதம், 2023-24இல் 46.1 சதவீதம். கொரோனாக் காலத்தில் ஊர் திரும்பியவர்களில் பலர் மீண்டும் நகரத்து வேலைக்குப் போகவில்லை. தொழிற்சாலைகள் பெருகும் நாட்டில் ஆட்கள் வயலிலிருந்து ஆலைக்குப் போவதுதான் வழக்கம். இங்கே ஆலையிலிருந்து வயலுக்குத் திரும்பினார்கள். உற்பத்தித் துறையின் பங்கு 11.4 சதவீதத்தில் நிற்கிறது.

வேலையில் இருக்கும் அல்லது வேலை தேடும் பெண்களின் விகிதம் 23.3 சதவீதத்திலிருந்து 41.7 சதவீதமாக உயர்ந்தது என்று சொல்லும் அதே கணக்கெடுப்பில், வேலை செய்யும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குடும்பத் தொழிலில் ‘உதவியாளர்’ என்று இருக்கிறது. மாட்டுக்குப் புல் அறுத்து, கடையில் கல்லாவைப் பார்த்து, தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் அவர்களுக்குக் கூலி கிடையாது.

படித்தவர்களின் நிலை இன்னொரு துயரம். 2024இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் வேலையில்லாதவர்கள் 3.4 சதவீதம், பட்டதாரி இளைஞர்களில் 29.1 சதவீதம். இல்லாதவர் வீட்டில் வேலையில்லாமல் உட்கார முடியாது. கிடைத்ததைச் செய்துதான் ஆக வேண்டும். பிள்ளையைப் படிக்க வைத்த வீடு, படிப்புக்கேற்ற வேலை வரட்டும் என்று வருடக்கணக்கில் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பின் நீளத்தை டி.என்.பி.எஸ்.சி. அளந்து காட்டியது. 2024 குரூப் 4 தேர்வு அறிவிக்கையில் இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அத்தனை பேரும் சம்பளத்தை மட்டும் பார்த்து வந்தவர்கள் இல்லை. சேர்ந்த நாளன்று கையில் ஒரு ஆணை வரும், அதை யாரும் வாய்வார்த்தையில் பறிக்க முடியாது என்ற உறுதியைத் தேடி வந்தவர்கள்.

விடிகாலைப் பேருந்து

விடிகாலையில் ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் போனால் கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சின்னப் பை, ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் பெண்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். வேறு எந்த மாநிலமும் பக்கத்தில் இல்லை. பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பிய ஒரு நூற்றாண்டு முயற்சியின் பலன் அது.

புதிய சட்டம் பெண்கள் தங்கள் சம்மதத்தோடு இரவுப் பணி செய்யலாம் என்கிறது. வாய்ப்புகள் கூடும் என்பது உண்மை. ஆனால் சம்மதம் என்ற சொல்லுக்கு உயிர் வர, மறுத்தாலும் வேலை போகாது என்ற நிலை வேண்டும். தங்குமிடமும் சோறும் போக்குவரத்தும் மனிதருக்கு உரியதாக இருக்க வேண்டும். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே விடுதியில் கெட்ட உணவு சாப்பிட்ட ஃபாக்ஸ்கான் தொழிலாளர்களில் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மறுபடி மறுபடி சொல்லியும் மாறாத விடுதி நிலையைக் காட்ட, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரம் மூடப்பட்டது. அதன் பின்தான் கவனம் திரும்பியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய குடியிருப்பை அரசு திறந்தது. சாலையில் உட்காராமலே அந்தக் கட்டடம் எழுந்திருக்க வேண்டும்.

ஜவுளிக்கடை ஒன்றில் நாள் முழுக்க நின்ற பெண்ணுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கிடைக்கவே 2021இல் தமிழ்நாடு ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. தீபாவளி நேரத்தில் ஜவுளிக்கடைக்குப் போகிறவர்கள் ஒருமுறை கண்ணை மேசைக்குப் பின்னால் திருப்பிப் பாருங்கள். ஸ்டூல் இருக்கிறதா, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்தால் சட்டம் ஏட்டிலிருந்து கடைக்கு எத்தனை தூரம் நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பேசும் உரிமை

1918 ஏப்ரலில் சென்னையில் உருவான மெட்ராஸ் லேபர் யூனியன் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று போற்றப்படுகிறது. பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் பேசினார்கள். ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மேல் உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. சங்கம் வைப்பதே குற்றமாகக்கூடிய அந்த நிலைமைதான் 1926இன் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி திறந்தது. 1923இல் சிங்காரவேலர் நாட்டிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடியதும் இதே ஊர்க் கடற்கரையில்தான்.

அந்த ஊருக்கு அருகே, நூறு வருடம் கழித்து, 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. 37 நாள் நீடித்தது. மையக் கோரிக்கை, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. நீதிமன்றம் வரை போன பிறகு 2025 ஜனவரியில்தான் அந்தச் சங்கம் பதிவானது. புதிய சட்டத்தில் எந்தத் தொழிற்சாலையிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். முன்பு அது பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்தது. பாதி அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம். சமரசப் பேச்சு நடக்கும்போதும் நிறுத்தக்கூடாது. கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தால் தொழிலாளி கடைசியில் சாலைக்குத்தான் வருவார் என்பதைப் பூந்தமல்லி நமக்குக் காட்டிவிட்டது.

பேசினால் தீரும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்த மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நிறைவேறுவதற்கு முன்பே பேசியிருந்தால் அந்தப் பத்து நாள் அலைச்சல் தேவைப்பட்டிருக்காது. மத்திய அரசும் இதையே கவனிக்க வேண்டும். தொழிலாளர் விவகாரம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. விதிகளை எழுத வேண்டிய இடத்தில் மாநிலங்கள் இருக்கின்றன. அந்த விதிகளை எழுதும் அறையில் சங்கங்களுக்கும் சிறுதொழில் அமைப்புகளுக்கும் நாற்காலி போட வேண்டும்.

இனி செய்ய வேண்டியது

முதலாவது, கடிதம். பத்துப் பேர் என்ற வரம்பை மாநில அரசு நினைத்தால் தாண்டலாம். கூலிக்கு ஓர் ஆளை வைத்தாலும் ஒரு பக்கக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று எழுதலாம். கைபேசியில் நிரப்பி இருவரும் ஒப்புதல் தரும் வசதியை அரசே செய்துகொடுத்தால், சிறுதொழில் நடத்துபவருக்குக் காசும் செலவாகாது, பதிவேடும் பெருகாது.

இரண்டாவது, கூலி. 2019இல் மத்திய அரசு அறிவித்த தேசிய அடிப்படைக் கூலி நாளொன்றுக்கு 178 ரூபாய். அரசு நியமித்த நிபுணர் குழு அதே ஆண்டு தொடக்கத்தில் பரிந்துரைத்தது 375 ரூபாய். குழுவின் கணக்கு ஒரு குடும்பத்தின் சாப்பாட்டையும் துணியையும் வாடகையையும் வைத்துப் போட்டது. புதிய சட்டத்தின் கீழ் அடிப்படைக் கூலியை நிர்ணயிக்கும்போது அந்தக் கணக்குமுறையிலிருந்து தொடங்க வேண்டும். விலைவாசி ஏறும்போது கூலியும் தானாக ஏற வேண்டும்.

மூன்றாவது, ஆளோடு நகரும் பாதுகாப்பு. அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்திருக்கிறார்கள். பதிந்த பிறகு என்ன கிடைத்தது என்று கேட்டால் பலரிடம் அட்டையைத் தவிர வேறு பதில் இல்லை. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு நலவாரியங்கள் கண்ட அனுபவம் தமிழ்நாட்டுக்கு உண்டு. கல்யாண உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, விபத்து இழப்பீடு என்று கிராமம் வரை அவை போயிருக்கின்றன. 2023இல் செயலிவழித் தொழிலாளர்களுக்கும் வாரியம் வந்தது. செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை செலுத்த வேண்டும் என்று மத்தியச் சட்டம் சொல்கிறது. அந்தப் பணம், மழையில் வழுக்கி விழுந்த டெலிவரிப் பையன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் வாரத்திலேயே அவன் கைக்கு வர வேண்டும்.

நான்காவது, வேலை உருவாகும் இடம். வேளாண்மைக்கு வெளியே 2030 வரை ஆண்டுக்குச் சராசரியாக 78.5 லட்சம் வேலை வேண்டும் என்று 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை கணக்கிட்டது. முதல்முறை வேலையில் சேர்பவருக்கு 15,000 ரூபாய் வரையும், புதிதாக ஆள் எடுக்கும் முதலாளிக்கு மாதம் 3,000 ரூபாய் வரையும் தரும் திட்டத்துக்கு மத்திய அரசு 99,446 கோடி ஒதுக்கியிருக்கிறது. 2025 ஆகஸ்ட் முதல் அது நடப்பில் இருக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் மானியம் நின்ற மறுமாதம் வேலையும் நின்றுவிடக் கூடாது. துணி, தோல், காலணி, உணவுப் பதப்படுத்தல் என்று அதிகம் பேரை உள்வாங்கும் தொழில்களுக்கு நிலையான ஆர்டரும், சரியான நேரத்தில் கிடைக்கும் பில் பணமும், மெஷின் முன்னால் நின்று கற்கும் ஐ.டி.ஐ. பயிற்சியும்தான் நிலைத்த வேலையைத் தரும்.

சட்டங்களைச் சுருக்கியது தவறில்லை. வெளியே அனுப்புவதை எளிதாக்கிய கையோடு, உள்ளே இருப்பவருக்கும் வெளியே போனவருக்கும் உறுதி தந்திருக்க வேண்டும். முதல் பாதி ஒரே நாளில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இரண்டாவது பாதி விதிகளையும் நிதியையும் ஆய்வாளர்களின் எண்ணிக்கையையும் நம்பிக் காத்திருக்கிறது. இந்தச் சீர்திருத்தம் பாதிதான் நடந்திருக்கிறது என்பதே என் தீர்ப்பு.

மீதிப் பாதிக்கு அரசை மட்டும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. இதைப் படிக்கும் உங்களில் கடை வைத்திருப்பவர் இருப்பீர்கள், பட்டறை நடத்துபவர் இருப்பீர்கள், வீட்டு வேலைக்கு ஓர் அம்மாவை வைத்திருப்பவர் இருப்பீர்கள். வருகிற திங்கட்கிழமை ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அவர் பெயர், சேர்ந்த தேதி, செய்யும் வேலை, மாதச் சம்பளம், வார விடுப்பு ஆகிய ஐந்தையும் எழுதி, கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டுக் கொடுங்கள். அதற்கு எந்தச் சட்டமும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.